குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழி: ஒரு மதிப்பீடு

ஸ்கிராட்ச் என்பது 8 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட காட்சிவழி நிரல்மொழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) ஊடக ஆய்வகத்தில், மிச்செல் ரெஸ்னிக் தலைமையில் இயங்கிய ‘வாழ்நாள் மழலையர் பள்ளி’ என்னும் ஆய்வுக்குழு இதை உருவாக்கி 2007 மே மாதத்தில் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2013 இலும் மூன்றாம் பதிப்பு 2019 சனவரியிலும் வந்தன. மென்பொருள் இலவசம். இணைய உலாவியிலேயே இயங்கும். இணையம் இல்லாத கணினிகளில் நிறுவிக்கொள்ளத் தனிப் பதிப்பும் உண்டு.

இதில் நிரல் தட்டச்சு செய்யப்படுவதில்லை. ‘பிளாக்’ எனப்படும் வண்ணக் கட்டைகளை இழுத்து வந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அதுவே நிரல். திரையின் ஒரு பக்கம் கட்டைகள், நடுவில் அவற்றைப் பொருத்தும் இடம், மறுபக்கம் மேடை. மேடையில் ஒரு பூனை நின்றுகொண்டிருக்கும். அந்தப் பூனையும், குழந்தை சேர்க்கும் பிற உருவங்களும் ‘ஸ்பிரைட்’ எனப்படுகின்றன. கட்டைகள் சொல்வதை ஸ்பிரைட்டுகள் செய்யும்.

ஸ்கிராட்சைக் கொண்டாடுவோர் அதைக் கணினிக் கல்வியின் விடிவாகப் பேசுகிறார்கள். நிரலாளர்களில் ஒரு சாரார் அதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் அதைப் பள்ளிப் பருவத்தின் ஒரு கருவியாக மட்டுமே பார்க்கின்றனர். உண்மையில் ஸ்கிராட்ச் ஒரு வாதம். குழந்தை எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றிய ஒரு கருத்து அதன் ஒவ்வொரு கட்டையிலும் பொதிந்திருக்கிறது. அந்த வாதம் எந்த அளவுக்கு நிற்கிறது, வகுப்பறைக்குள் வரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பவையே இங்குப் பரிசீலிக்கப்படுகின்றன.

ஆமையிலிருந்து பூனைக்கு

ஸ்கிராட்சின் மூதாதை லோகோ. வாலி ஃபியூர்ட்சைக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967 இல் உருவாக்கிய நிரல்மொழி அது. லோகோவில் ஓர் ஆமை உண்டு. முதலில் தரையில் ஊரும் இயந்திரமாகவும் பின்னர் திரையில் ஒரு முக்கோணமாகவும் இருந்த அந்த ஆமைக்குக் குழந்தை கட்டளையிடும்: இவ்வளவு தூரம் முன்னே போ, இவ்வளவு பாகை வலப்பக்கம் திரும்பு. ஆமை போன வழியெல்லாம் கோடு விழும்.

பேப்பர்ட் கணிதம் பயின்றவர். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஜீன் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். கணினி குழந்தைக்குப் பாடம் நடத்துவதைவிடக் குழந்தை கணினிக்குச் சொல்லித் தருவதே சிறந்தது என்பது அவர் நிலைப்பாடு. 1980 இல் வெளியான ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலில் இதை விரிவாக எழுதினார். வட்டத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல், ‘கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, இதையே திரும்பத் திரும்பச் செய்’ என்று தன் உடலாலேயே நடந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் குழந்தைதான் அவரது கனவு.

அந்தக் கனவுக்கு லோகோ காலத்தில் ஒரு சில்லறைத் தொல்லை இருந்தது. கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும், இடைவெளி விடுபட்டாலும் ஆமை நகராது. எட்டு வயதுக் குழந்தை கோணத்தைப் பற்றி யோசிக்க வந்து எழுத்துப்பிழையோடு போராடியது. கட்டை வடிவ நிரலாக்கம் இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது. 1990களில் எம்.ஐ.டி.யிலேயே லோகோபிளாக்ஸ் என்ற முன்னோடி முயற்சி நடந்தது. லெகோ கட்டைகளும் லோகோ மொழியும் இணைந்த ஆய்வுகளில் ரெஸ்னிக் பங்கேற்றிருந்தார். 1993 இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட ‘கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்’ என்ற பள்ளிக்கு வெளியேயான மையத்தில், சிறுவர்கள் படமும் இசையும் கலந்து விளையாட்டும் அசைவூட்டமும் செய்ய விரும்புவதையும், அதற்கேற்ற எளிய மொழி இல்லாததையும் அவரது குழு நேரில் பார்த்தது. ஸ்கிராட்ச் அங்கிருந்துதான் பிறந்தது. பெயர்கூட, இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்துப் புதிய ஓசை எழுப்பும் டிஜே கலைஞர்களின் வழக்கிலிருந்து வந்தது. கிடைத்ததை எடுத்துக் கலந்து புதிதாக்குவது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது.

வடிவமே இலக்கணம்

ஸ்கிராட்சின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு கட்டையின் விளிம்பு. நிரலைத் தொடங்கிவைக்கும் கட்டைக்கு மேற்பகுதி வளைந்து தொப்பி போலிருக்கும். அதன்மேல் எதையும் ஒட்டமுடியாது. மடக்கு எனப்படும் திரும்பச் செய்யும் கட்டை வாயைத் திறந்தபடி இருக்கும். வாய்க்குள் எத்தனை கட்டைகளை வைத்தாலும் விரிந்துகொடுக்கும். எண்ணைத் தரும் கட்டை உருண்டை விளிம்பு கொண்டது. ஆம் அல்லது இல்லை என்று விடைதரும் கட்டை அறுகோண வடிவம். நிபந்தனைக் கட்டையிலுள்ள அறுகோணக் குழியில் உருண்டைக் கட்டையை எவ்வளவு முயன்றாலும் வைக்கமுடியாது. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கப் பிழைச்செய்தி வாங்கித் தெரிந்துகொள்ளும் தொடரியலையும் தரவு வகை வேறுபாட்டையும் இங்கே குழந்தையின் விரல் தெரிந்துகொள்கிறது. ‘இது பொருந்தாது’ என்பதை யாரும் சொல்லவேண்டியதில்லை.

தொடரியல் பிழை ஒழிந்துவிட்டதால் சிந்தனைப் பிழை மட்டுமே எஞ்சுகிறது. இதுதான் ஸ்கிராட்சின் உண்மையான பயன். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

உலகெங்கும் ஸ்கிராட்ச் வகுப்புகளில் செய்யப்படும் விளையாட்டுகளில் ஒன்று, மேலிருந்து விழும் ஆப்பிளைக் கூடையில் பிடிப்பது. ஆப்பிளுக்கான நிரலைக் குழந்தை பெரும்பாலும் இப்படித்தான் அமைக்கும்: மதிப்பெண் என்ற மாறியை 0 ஆக்கு; எப்போதும் செய்யும் மடக்குக்குள், 5 புள்ளி கீழே இறங்கு, கூடையைத் தொட்டால் மதிப்பெண்ணை 1 கூட்டு. படித்துப் பார்த்தால் குறையே தெரியாது. கட்டைகள் எல்லாம் அழகாகப் பொருந்துகின்றன. பச்சைக் கொடியைச் சொடுக்கினால் ஆப்பிள் விழுகிறது, கூடைக்கு மேல் வருகிறது. மதிப்பெண் 1 ஆவதற்குப் பதிலாக 20 ஆகிவிடுகிறது.

காரணம் எளியது. மடக்கு நொடிக்குச் சுமார் 30 முறை சுற்றுகிறது. ஆப்பிளும் கூடையும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும் தூரம் 100 புள்ளி என்றால், ஒரு சுற்றுக்கு 5 புள்ளி வீதம் இறங்கும் ஆப்பிள் அதைக் கடக்க 20 சுற்று ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ‘தொடுகிறதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை. ஒவ்வொரு ‘ஆம்’ என்பதற்கும் ஒரு மதிப்பெண். குழந்தை நினைத்தது ஒரு நிகழ்ச்சியை. எழுதியது ஒரு நிலையை.

இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. கணினி அறிவியலில் நெடுந்தூரம் செல்லும் கருத்து இது. ஒன்பது வயதுச் சிறுமி தன் விளையாட்டில், தன் ஆப்பிளில் அதை எதிர்கொள்கிறாள். ‘தொட்டதும் ஆப்பிளை மேலே அனுப்பிவிட்டால் ஒருமுறைதான் தொடும்’ என்ற தீர்வை அவளே கண்டடைய முடியும். அல்லது தொட்டதும் ஒரு நொடி காத்திருக்கச் சொல்லிப் பார்ப்பாள். அப்போது ஆப்பிள் கூடைக்குள்ளேயே நடுவானில் நின்றுவிடும். அந்த வேடிக்கையும் பாடத்தின் பகுதியே. பேப்பர்ட் கண்ட கனவு இத்தகைய நிமிடங்களில் முழுதாக நனவாகிறது.

ஆமை காலத்திலிருந்தே வரும் இன்னொரு இடம் முக்கோணம். 100 அடி நகர், 90 பாகை திரும்பு, இதை 4 முறை செய் என்றால் சதுரம் வரும். சமபக்க முக்கோணத்துக்கு என்ன எண் என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் 60 என்கிறார்கள். பள்ளியில் படித்த கோணம் அது. 60 கொடுத்தால் வருவது பாதி அறுகோணம். ஸ்பிரைட் திரும்பவேண்டியது உள்கோணத்தை அல்ல, வெளிக்கோணத்தை, அது 120. புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன வெளிக்கோணம் இங்கே கதவைத் தட்டுகிறது.

மென்மையின் விலை

ஸ்கிராட்சை வடிவமைத்தவர்கள் பிழைச்செய்தியே இல்லாத மொழியை வேண்டுமென்றே உருவாக்கினர். எந்தக் கட்டையும் ‘என்னால் முடியாது’ என்று நின்றுவிடாமல், ஏதாவது ஒன்றைச் செய்துவைக்கவேண்டும் என்பது அவர்களது விதி. ஐந்து பொருள்களே உள்ள பட்டியலில் பத்தாவதைக் கேட்டால் ஸ்கிராட்ச் வெற்று விடையைத் தந்துவிட்டு மேலே நடக்கும். தொடக்கத்தில் இது பெரிய கருணை. பயந்து விலகியிருக்கக்கூடிய குழந்தை விலகுவதில்லை.

நிரல் பெரிதாகும்போது இதே கருணை தொல்லையாகிறது. ஏதோ தவறு என்று தெரியும். எங்கே என்று தெரியாது. சொல்ல வேண்டிய மென்பொருள் மௌனமாக இருக்கிறது. அப்போது குழந்தைகள் செய்வது, கட்டைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பது. சில நேரம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்பது தெரியாமலே விளையாட்டு ஓடத் தொடங்கிவிடும்.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011 இல் ஸ்கிராட்ச் மாணவர்களிடம் இரு பழக்கங்களைச் சுட்டிக்காட்டினர். ஒன்று, பயன்படக்கூடும் என்று தோன்றும் கட்டைகளையெல்லாம் முதலில் இழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பது. மற்றது, ஒரே வேலையை மிகச்சிறு துண்டுகளாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்கிரிப்டாகச் சிதறவிடுவது. மளிகைக் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்தபின் என்ன சமைப்பது என்று யோசிப்பதைப் போன்றது முதல் பழக்கம். வீட்டுச் சமையலில் அது குற்றமில்லை. சில நல்ல குழம்புகள் அப்படித்தான் பிறக்கின்றன. பத்துப் பேருக்கு விருந்து வைக்கும்போதுதான் சிக்கல். ஸ்கிராட்ச் இந்தப் பழக்கத்தை ஊக்குவிக்கிறது என்பது உண்மை. அதன் கட்டைகள் அனைத்தும் கண்முன் கடைவிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நெதர்லாந்தின் எஃப்திமியா ஐவலோக்லூ, ஃபெலியன் ஹெர்மன்ஸ் இருவரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய பரப்பைக் கண்டது. ஏறத்தாழ 2,50,000 ஸ்கிராட்ச் ஆக்கங்களின் நிரல்களைத் திரட்டி அவர்கள் ஆராய்ந்தனர். செயற்கூறுகளும், நிபந்தனையோடு கூடிய மடக்குகளும் மிகக் குறைவாகவே பயன்பட்டிருந்தன. ஒருபோதும் இயங்காத செத்த நிரல்களும், அப்படியே நகலெடுத்து ஒட்டிய நிரல்களும் மிகுதியாக இருந்தன.

இதற்குக் குழந்தைகளை மட்டும் குறைசொல்ல முடியாது. ஒரே வேலையைப் பல இடங்களில் செய்யவேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வைத்து, ஒருமுறை எழுதி, பெயரைச் சொல்லி அழைப்பதே நிரலாக்கத்தின் உயிர்நாடி. லோகோவில் இது முதல் நாளிலிருந்தே இருந்தது. ‘சதுரம்’ என்று ஒரு சொல்லைக் குழந்தை ஆமைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, சதுரங்களால் பூ வரையும். ஸ்கிராட்சில் சொந்தக் கட்டை செய்துகொள்ளும் வசதி 2013 வரை இல்லை. இரண்டாம் பதிப்பில் வந்த பிறகும், அந்தச் சொந்தக் கட்டை ஒரு வேலையைச் செய்யுமே தவிர, கணக்கிட்டு ஒரு விடையைத் திருப்பித் தராது. இரண்டு எண்களில் பெரியது எது என்று சொல்லும் கட்டையை ஒரு குழந்தை செய்ய விரும்பினால், விடையை ஒரு மாறியில் ஒளித்துவைத்து எடுக்கும் சுற்றுவழிதான்.

எளிமைக்காகச் செய்த தெரிவு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் பேப்பர்டின் மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மொழி, அந்த மரபின் மிக வலிமையான கருத்தையே ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்திவைத்தது விசித்திரமானது. பெர்க்லியில் பிரையன் ஹார்வியும் ஜென்ஸ் மோனிக்கும் உருவாக்கிய ‘ஸ்னாப்’ என்ற மொழி இதற்கான மறுப்பு. ஸ்கிராட்சின் அதே தோற்றம், அதே கட்டைகள். கூடவே விடைதரும் சொந்தக் கட்டைகளும், கட்டையையே இன்னொரு கட்டைக்குத் தரவாகக் கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. கட்டை வடிவத்துக்கும் ஆழத்துக்கும் பகையில்லை என்று ஸ்னாப் காட்டிவிட்டது. தளம் தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்கவேண்டும் என்பது பேப்பர்ட் சொன்ன அளவுகோல். சுவர்களும் அகலமாக இருக்கவேண்டும் என்று ரெஸ்னிக் அதனுடன் சேர்த்தார். ஸ்கிராட்சின் தளமும் சுவர்களும் அந்த அளவுக்கு நிற்கின்றன. கூரை சற்றுத் தாழ்வு.

எழுதும் நிரலுக்கு மாறும்போது

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: இதைப் படித்தால் பிறகு பைத்தான், ஜாவா எளிதாக வருமா? டேவிட் வைன்ட்ராப், யூரி விலென்ஸ்கி இருவரும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் செய்த ஆய்வு இதற்கு நேரான விடை தருகிறது. ஒரு வகுப்பு ஐந்து வாரம் கட்டைகளாலும் மற்றொரு வகுப்பு அதே ஐந்து வாரம் எழுத்தாலும் நிரலாக்கம் கற்றன. முடிவில் கட்டைகளால் கற்றவர்களின் முன்னேற்றமும் ஆர்வமும் கூடுதலாக இருந்தன. பிறகு இரு வகுப்புகளும் பத்து வாரம் ஜாவா படித்தன. அந்தப் பத்து வாரத்தின் முடிவில் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

கட்டைகளால் தொடங்கியவர்கள் பின்தங்கவில்லை என்றும் இதைப் படிக்கலாம். முந்தவும் இல்லை என்றும் படிக்கலாம். விளம்பரம் செய்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நிரலாக்கம் கற்றால் பொதுவாகவே சிந்தனைத் திறன் வளரும் என்ற வாக்குறுதி இதைவிடப் பழையது. இதைவிடத் தளர்வானதும் கூட. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் லோகோ கற்ற குழந்தைகளுக்கு வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் பயிற்சி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். ஓராண்டு லோகோ படித்தவர்கள் படிக்காதவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை. பேப்பர்ட் இதற்குக் கடுமையாகப் பதிலளித்தார். லோகோ என்ன விளைவைத் தருகிறது என்று கேட்பது, மரம் நல்ல வீட்டைத் தருமா என்று கேட்பதைப் போன்றது; கட்டுபவரையும் கட்டும் முறையையும் விட்டுவிட்டுப் பொருளைமட்டும் சோதிக்கமுடியாது என்பது அவர் வாதம்.

அந்தப் பதில் நியாயமானது. அதற்கு மறுபக்கமும் உண்டு: லோகோவால் இது வளரும், அது வளரும் என்று முதலில் சொன்னவர்கள் மரத்தைத்தான் புகழ்ந்தார்கள். இன்று ‘கணிமைச் சிந்தனை’ என்ற பெயரில் அதே புகழுரை திரும்பி வந்திருக்கிறது. ஸ்கிராட்ச் கற்ற குழந்தை ஸ்கிராட்சில் சிந்திக்கக் கற்றிருக்கும் என்பதற்குமேல் வாக்குக் கொடுப்பவர்கள் சான்றையும் கொடுக்கவேண்டும்.

எடுத்துக் கலப்பது

ஸ்கிராட்ச் தளத்தில் பகிரப்படும் எந்த ஆக்கத்தையும் உள்ளே திறந்து பார்க்கலாம். எடுத்து மாற்றித் தன் பெயரில் மறுபடி வெளியிடலாம். ‘ரீமிக்ஸ்’ எனப்படும் இந்த முறை சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவது இயல்பு. சயமிந்து தாஸ்குப்தாவும் பிறரும் 2016 இல் செய்த ஆய்வில், அதிகம் ரீமிக்ஸ் செய்தவர்கள் அதிக வகைக் கட்டைகளைப் பயன்படுத்தக் கற்றிருந்தது தெரியவந்தது. பார்த்துச் செய்வதும் படிப்புதான் என்பது பட்டறைகளிலும் நடனப் பள்ளிகளிலும் எவருக்கும் புதிய செய்தியன்று.

இன்னும் சுவையானது 2011 இல் வந்த ஒரு முடிவு. மூல ஆக்கத்தைச் செய்தவரின் பெயரைத் தளமே தானாகக் காட்டிவிடும். ஆனாலும் குழந்தைகள் அதில் நிறைவடையவில்லை. எடுத்தவர் தன் கையால் ‘இது இன்னாருடையது, நன்றி’ என்று எழுதினால்தான் அது மரியாதை என்று அவர்கள் கருதினர். இயந்திரம் தரும் நன்றியை நன்றியாக ஏற்கப் பத்து வயதுச் சிறுவர்கள்கூடத் தயாராக இல்லை.

வகுப்பறையில் நாற்பது பூனைகள்

ரெஸ்னிக் 2017 இல் வெளியான ‘வாழ்நாள் மழலையர் பள்ளி’ என்ற நூலில் தம் கொள்கையை நான்கு சொற்களில் அடக்குகிறார்: செயல்திட்டம், ஈடுபாடு, தோழமை, விளையாட்டு. நிரலாக்க அறிமுகம் என்ற பெயரில் குழந்தைக்குப் புதிர்களைக் கொடுத்து, குறிப்பிட்ட விடையை நோக்கி நடத்திச் செல்லும் முறையை அவர் அந்நூலிலேயே விமர்சிக்கிறார். புதிரை முடித்த குழந்தையிடம் சொந்தமாக எதுவும் மிஞ்சுவதில்லை என்பது அவர் குறை.

பாடவேளை 45 நிமிடம். வகுப்பில் 40 பேர். ஒரு கணினிக்கு மூவர். இந்தச் சூழலில் ஆசிரியர் செய்யக்கூடியது, கரும்பலகையில் படிநிலைகளை எழுதிப்போட்டு எல்லாரையும் ஒரே நிரலைச் செய்யவைப்பது. முடிவில் நாற்பது திரைகளிலும் ஒரே பூனை ஒரே திசையில் நடந்து ஒரே இடத்தில் ‘மியாவ்’ என்கிறது. எவருக்கும் பிழை வருவதில்லை. ஆப்பிளின் மதிப்பெண் ஏன் 20 ஆனது என்ற கேள்வி எழவே வழியில்லை; சரியான நிரல் முன்கூட்டியே பலகையில் இருக்கிறது. ஸ்கிராட்ச் தந்திருக்கக்கூடிய ஒரே அரிய பொருள், அதாவது குழந்தையின் சொந்தப் பிழை, அந்த வகுப்பில் காணாமல்போகிறது. இதற்கு ஆசிரியரைப் பழிப்பது அநியாயம். நேரமும் கணினியும் குறைவான இடத்தில் எந்த ஆசிரியரும் இதைத்தான் செய்வார். ஆனால் ரெஸ்னிக்கின் நூலும் இந்த வகுப்பறையைப் போதுமான அளவு கண்டுகொள்ளவில்லை. அவர் கொள்கை உருவானது மாலை நேர மையங்களில். விரும்பி வந்த சிறுவர்களிடையே. வருகைப் பதிவேடும் தேர்வும் உள்ள இடத்தில் அதை எப்படி நடத்துவது என்பதற்கு அவரிடம் நம்பிக்கை இருக்கும் அளவுக்கு வழிமுறை இல்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் இறுதி அலகு ‘காட்சித் தொடர்பு’. கோப்புகளையும் கோப்புறைகளையும் அறிமுகப்படுத்தும் அந்த அலகில் ஸ்கிராட்சும் இடம்பெற்றிருக்கிறது. மேடை, ஸ்பிரைட், ஸ்கிரிப்ட் எடிட்டர் ஆகியவை விளக்கப்படுகின்றன. மாநிலத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவரின் கைக்கும் ஸ்கிராட்ச் என்ற பெயரைக் கொண்டுசேர்த்தது பாராட்டத்தக்க செயல். விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைத் தவிர்த்து இலவச மென்பொருளைத் தேர்ந்ததும் நன்று.

அலகின் பயிற்சி வினாக்கள் வேறு கதை சொல்கின்றன. அசைவூட்டம் செய்யப் பயன்படும் மென்பொருள் எது, நிரலைத் திருத்தும் இடம் எது, எடிட்டரின் வகைகளைக் கூறுக என்ற போக்கில் அவை செல்கின்றன. ஒரு பூனையைக்கூட நகர்த்தாமல் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். வாங்கியும் விடுகிறார்கள். அறிவியல் தேர்வின் கடைசிப் பாடம், எளிதில் கிடைக்கும் ஒன்றிரண்டு மதிப்பெண் என்ற அளவில் அது மாணவரிடையே நினைவுகொள்ளப்படுகிறது. வயதும் ஒரு கேள்வி. எட்டு வயதுக்குத் தொடங்கும் மொழி, பொதுத்தேர்வுக்குத் தயாராகும் பதினைந்து வயது மாணவருக்கு முதன்முதலாக அறிமுகமாகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கச் செயல்பாடுகள் தொடங்கவேண்டும் என்கிறது; அந்தக் கொள்கையோடு வேறு பல முரண்பாடுகள் கொண்டவர்களும் இந்த ஒன்றில் உடன்படக்கூடும்.

மொழி பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2017 இல், ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாத ஐந்து நாடுகளின் புதிய ஸ்கிராட்ச் பயனர்களை ஒப்பிட்டனர். கட்டைகளைத் தம் நாட்டு மொழியில் வைத்துக்கொண்டவர்கள், அதே நாட்டில் ஆங்கிலக் கட்டைகளைப் பயன்படுத்தியவர்களைவிட விரைவாகப் புதிய கருத்துகளைக் கையாளத் தொடங்கினர்.

தமிழுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. தமிழில் வினை இறுதியில் வரும். நிபந்தனை முன்னால் வரும். ‘10 அடி நகர்’, ‘15 பாகை திரும்பு’, ‘4 முறை செய்’, ‘விளிம்பைத் தொட்டால்’ என்று கட்டைகள் தாமாகவே வாக்கியங்களாக அமைகின்றன. பைத்தானை அடிப்படையாகக் கொண்ட ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி, நிபந்தனையை முதலில் எழுதி ‘ஆனால்’ என்ற சொல்லை அதன்பின் வைத்தது இந்த இயல்பை உணர்ந்துதான். மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவேண்டிய ஒன்று, கட்டளையின் தொனி. தமிழ் மென்பொருள்களில் வழக்கமாகிப்போன ‘நகரவும்’, ‘திரும்பவும்’ என்ற வடிவங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையின் குரல். பூனையிடம் பேசும் குழந்தை ‘நகர்’ என்றுதான் சொல்லும். (‘திரும்பவும்’ என்பதற்கு ‘மறுபடியும்’ என்ற பொருளும் இருப்பதால் அது மடக்குக் கட்டையோ என்ற மயக்கமும் வரும்.)

அந்த ஆப்பிளுக்கும் இங்கே தொடர்புண்டு. ‘கூடையைத் தொட்டால்’ என்ற தமிழ்த் தொடர் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சியைக் குறிக்கிறது. ஸ்கிராட்ச் கேட்பதோ ‘கூடையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா’ என்று. ஆங்கிலக் கட்டையில் இந்தத் தொடர்நிலை சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் கட்டையைச் சுருக்கமாக ‘தொட்டால்’ என்று பெயர்த்தால், குழந்தை எழுதுவதற்கும் கணினி செய்வதற்கும் இடையிலான இடைவெளி கூடிவிடும். ‘தொட்டுக்கொண்டிருந்தால்’ என்று நீட்டினால் கட்டை மேடையளவு நீளும். எதைத் தெரிவது என்பது வகுப்பறையில் சோதித்தே முடிவுசெய்ய வேண்டியது.

கணினி கிடைக்காத பள்ளியிலும் ஸ்கிராட்சைப் பற்றி உருப்படியான வினா ஒன்றைக் கேட்டுவிட முடியும். வினாத்தாளில் ஆப்பிள் நிரலின் படத்தை அச்சிட்டு, ஒரே ஓர் ஆப்பிள் கூடையில் விழுந்தபின் மதிப்பெண் 20 என்று காட்டுவதற்குக் காரணம் என்ன, அதை 1 ஆக்க எந்தக் கட்டையை எங்கே சேர்ப்பாய் என்று கேட்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் வரும். திருத்துபவர் ஒவ்வொன்றையும் படித்துத்தான் மதிப்பெண் போடவேண்டியிருக்கும்.